கருப்பட்டிக்குக் குறை சொன்ன தரகர்

கடலுக்கு இந்தப் பக்கம் நாமும், அந்தப் பக்கம் யாரென்று தெரியாதவர்களும் இருந்த ஒரு காலம். அந்தக் காலத்தில் ஒரு துறை இருந்தது, பூவரசந்துறை என்று பேர். அந்தத் துறைக்கென்று ஒரு தரகர் இருந்தார், தளவாய் என்று பேர்.

தளவாய் அண்ணாச்சி என்றால் கரை முழுக்கத் தெரியும். மாடோ, தேங்காயோ, கருவாடோ, அவர்தான் விலை முடிப்பார். முடிக்கும்போது வாயைத் திறக்கவே மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வாங்குகிறவர் கையையும் தன் கையையும் சேர்த்து மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைப் பிடித்தால் இன்னொரு விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு விலகும்போது வியாபாரம் முடிந்திருக்கும்.

அவருக்கு ஓர் ஆசான் உண்டு. அதுதான் ஊருக்கு வேடிக்கை. ஆசானுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆவுடையம்மை என்று பேர். தகப்பனாரோடு சின்ன வயதிலேயே கப்பல் ஏறி, எத்தனையோ கரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள். நரைத்த தலையோடு தளவாய் சாயங்காலம் அவள் முன்னால் போய் உட்காருவார். கேலி செய்கிறவர்களிடம், வயசில் தங்கச்சி, வித்தையில் ஆசான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் பனைகள் அள்ளிக் கொடுத்திருந்தன. ஊர் முழுக்கப் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்துக் கிட்டங்கியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் வழக்கமாக வாங்கிப் போகும் கப்பல் வரவில்லை. ஆவணி போயிற்று. புரட்டாசியும் கழியப் போகிறது. ஐப்பசி மழை இறங்கினால் கருப்பட்டி கசிந்து, இளகி, ஓடிவிடும். ஒரு வருஷம் மரம் ஏறிய உழைப்பு மண்ணோடு போகும். தளவாய்தான் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார், விற்றுத் தருகிறேன் என்று. காலையில் எழுந்தால் அவர் முதலில் பார்ப்பது கீழ்வானத்து மேகத்தைத்தான்.

ஒருநாள் மேகத்துக்குக் கீழே ஒரு பாய்மரம் தெரிந்தது.

ஊரே கரைக்கு ஓடியது. உலையில் அரிசி போட்டவள் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். யாரும் பார்த்திராத கப்பல், யாரும் பார்த்திராத கொடி. படகில் இறங்கி வந்தவர் நெடுநெடுவென்று உயரம், காதில் சங்கு வளையம். சங்குத் தீவிலிருந்து வருகிறாராம், தெமாலு என்று பேராம். வேறொரு துறையில் மாலுமிகளிடம் கற்ற கொச்சைத் தமிழில், இந்தக் கரைக் கருப்பட்டியைத் தேடித்தான் வந்தேன் என்றார். கருப்பட்டிக்கு மாற்றாகக் கொடுக்க, அவருடைய ஆட்கள் பெரிய பெரிய செப்புக் கொப்பரைகளைப் படகிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். மண்பானையில் காய்ச்சிக் காய்ச்சிக் கை வெந்த பெண்கள் அந்தக் கொப்பரைகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

தளவாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். தெமாலு குடித்துவிட்டுச் சிரித்தார். இதுதான் நேரம் என்று தளவாய் தோள் துண்டை உதறி, அவர் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்தார்.

தெமாலு நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. துண்டு மணலில் விழுந்தது. அவர் திரும்பி நடந்து தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். இறங்கிய கொப்பரைகள் திரும்பப் படகில் ஏறின. வெயில் சாய்ந்ததும் தண்ணீர் ஏறும், ஏறியதும் போய்விடுவோம் என்றார்.

கூட்டத்திலிருந்து தளவாயின் மச்சினன் பலவேசம் முன்னால் வந்தான். பனையேறிகளில் அவன்தான் வாய்க்காரன்.

"அத்தான், அந்த மனுசன் கையைக் கிள்ளினீரா?"

தளவாய் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆவுடை வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார்.

"அந்தத் தீவு வழக்கம் என்ன ஆசானே? சீக்கிரம் சொல்லுங்க. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

"நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை அண்ணாச்சி."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்து, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"நான்தான் அவரு. இப்பதான் படகை விட்டு எறங்கியிருக்கேன். துண்டைப் போடுங்க."

"விளையாடுற நேரமா இது?"

"போடுங்க."

போட்டார்.

"ஏன் என் கையை மூடுறீங்க?"

"விலை பேச."

"உங்களுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. பேசினா எல்லாருக்கும் கேட்டுருமே."

"கேட்டா என்ன?"

இத்தனை வருஷத்தில் தளவாயை யாரும் இதைக் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. தகப்பனார் துண்டு போட்டார், இவரும் போட்டார். சின்னப் பையனாய் ஒரு மாட்டுச் சந்தையில் நின்றது ஞாபகம் வந்தது. பஞ்சத்தில் மெலிந்த காளையை ஒருவர் விற்றார். மிகவும் குறைந்த விலைதான் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் துண்டை விலக்கிவிட்டு அவர் சந்தைக்கு நடுவே மீசையைத் தடவிக்கொண்டு நடந்து போனார். என்ன விலை என்று யாருக்கும் தெரியாதே.

"கொறைஞ்ச விலைக்கு வித்தவன் நாலு பேர் முன்னால தலை குனிஞ்சிரக் கூடாது. அதுக்குத்தான் மூடுறோம்" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நின்றார்.

ஆவுடை துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். தளவாய் மறுபடி ஓடினார். அவரை ஓடவிட்டு அவள் பின்னால் நடந்து வந்தாள். கரைக்கு வந்ததும் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

தெமாலுவின் காலை அலை நனைத்துக்கொண்டிருந்தது. கடைசிப் படகு அவருக்காகக் காத்திருந்தது. தளவாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகுக்கு முன்னால் நின்றார். துண்டு எதற்கு என்று சொன்னார். மாட்டுச் சந்தையைச் சொன்னார், மீசையைத் தடவிக்கொண்டு போனவரைச் சொன்னார். சொல் புரியாத இடத்தில் சைகையும் காட்டினார். பிறகு கேட்டார்.

"உங்க ஊர்ல எப்படி?"

தெமாலு கரைக்குத் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே சொன்னார். அவர்கள் தீவில் விற்கிறவன் நடு வெளியில் நிற்பானாம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தன் சரக்குக்குத் தானே குறை சொல்வானாம். எல்லாக் குறையும், எல்லார் காதிலும் விழும்படி. வாங்குகிறவன் அதற்குப் பதில் சொல்வானாம். பிறகுதான் விலை.

"எங்க ஊர்ல கை மூடினா உள்ள ஏமாத்து இருக்கு. நீ உன் கை மட்டும் மூடலை. என் கையும் சேத்து மூடின" என்றார்.

தளவாய் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினார். கை இரண்டையும் விரித்தார். கொப்பரைகள் மறுபடி கரைக்கு வந்தன, கிட்டங்கியிலிருந்து மூட்டைகளும் வந்து இறங்கின. மூட்டைக்குப் பக்கத்தில் அதை வார்த்தவர்கள் நின்றார்கள்.

பாவம், நாக்கு புரள வேண்டுமே. வாழ்நாள் முழுக்கச் சரக்கை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தூசி இருக்கும் என்று முனகினார்.

"கேக்கலை" என்றார் தெமாலு.

"தூசி இருக்கும்" என்றார் உரக்க.

கூட்டம் சலசலத்தது. பலவேசம் கையைத் தட்டிக் கத்தினான். "அத்தான், நீரு யாரு பக்கம்?"

தளவாய்க்கு வியர்த்தது. ஆனால் முதல் குறை வெளியே வந்ததும் இரண்டாவது தானாக வந்தது. சிலதில் பனைநார்த் தும்பு கிடக்கும் என்றார். சுண்ணாம்பு கூடிப்போன பதநீரில் காய்ச்சியது நாக்கைக் கடிக்கும் என்றார். மழைக்காற்றுப் பட்டால் கசியும், கப்பலில் ஈரம் ஏறினால் ஒட்டிக்கொள்ளும் என்றார். குரல் ஏறியது, கை ஆடியது. கடைசியில் ஊர் உலகம் அறிந்தும் யாரும் சொல்லாத அந்த ஒன்றையும் சொல்லிவிட்டார்.

"மூட்டையில மேல அடுக்கியிருக்கறதுதான் செவப்பு. அடியில கெடக்கறது கறுப்பு."

பலவேசம் தலையில் கை வைத்துக்கொண்டான். அண்ணாச்சி குடியைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பெண் அழவே தொடங்கினாள்.

தெமாலு முகம் மலர்ந்து ஓர் அடி முன்னால் வந்தார். தூசியா, சலித்துக்கொள்வோம் என்றார். தும்பா, பொறுக்கிக்கொள்வோம். கசிந்தால் பாகாகக் காய்ச்சிக்கொள்வோம். கறுப்பா, எங்கள் ஊர்ப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கறுப்புத்தான் பிடிக்கும். சொல்லச் சொல்ல அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்பது போலக் காலால் மணலைத் தட்டினார்கள். பிறகு அவர் கையை விரித்துக்கொண்டு தன் செப்புக் கொப்பரைகளுக்குக் குறை சொன்னார். இதில் ஒரு காது ஆட்டம், அதில் ஓர் ஓரம் நெளிவு, அதோ அந்தப் பெரியதில் அடியில் ஒரு பொத்தல்.

கூட்டத்துக்கு இப்போது விளங்கிவிட்டது. முதலில் குதித்தவன் பலவேசம்தான்.

"பொத்தலா? ஈயம் வச்சு அடைச்சிக்கிடுதோம்."

"காதா? கம்பி கட்டிக்கிடுதோம்" என்றாள், சற்று முன் அழுத பெண்.

அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. கரையே திருவிழா. ஒரு குறைக்கு ஒன்பது பதில். இந்த ஊர்க்காரர்களும் மணலைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். விலை வாயாலேயே பேசப்பட்டது, எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் தலையாட்டினார்கள். மூட்டைகள் படகு படகாகப் போயின, கொப்பரைகள் ஊருக்குள் வந்தன.

கடைசியில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி மிஞ்சியது. அது வடிவு என்ற பெண்ணுடையது. அந்த வருஷம்தான் அவள் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். தானாகக் காய்ச்சி வார்த்தது இதுதான் முதல் தடவை. பாதி கருகியும் பாதி வேகாமலும் இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். தளவாய் கையை விரித்தார். குறை சொல்ல வாய் வரவில்லை.

தெமாலு பெட்டிக்குள் பார்த்தார். வடிவைப் பார்த்தார். சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார். பிறகு தளவாயின் முன்னால் வந்து தன் வலது கையை நீட்டினார்.

"இதுக்கு உங்க ஊர் மாதிரி" என்றார் மெதுவாக.

தளவாய் இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து மூடினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. துண்டு விலகியதும் வடிவு தன் கொப்பரையைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் போலவே நிமிர்ந்து நடந்து போனாள்.

கப்பல் பாய் விரித்தபோது முதல் தூறல் விழுந்தது.

மழை விட்ட ஒரு காலையில் இன்னொரு பாய்மரம் தெரிந்தது. தளவாய் ஆவுடையின் வீட்டு வழியாகவே கரைக்குப் போனார், நிற்கக்கூட நேரமில்லாதவர் போல. தோளில் துண்டு இல்லை. இந்தத் தடவை தப்பு நடக்காது என்று வாசலில் நின்ற அவளிடம் சொன்னார். தேங்காய்க்கு என்னென்ன குறை என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருக்கிறேன், படகு தரை தட்டியதும் கையை விரித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவேன் என்றார். விரித்தும் காட்டினார்.

ஆவுடை கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தாள்.

"யாரு கப்பல் அது?"

"தெரியலையே ஆசானே. அந்தக் கொடியை நான் பார்த்ததே இல்லை."

"அவங்க ஊர்ல வியாபாரம் எப்படிப் பேசுவாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கறதைத்தான் அண்ணாச்சி, அவங்க எறங்கினதும் மொதல்ல சொல்லணும்."

தளவாய் விரித்த கையைக் கீழே இறக்கினார். ஆவுடை உள்ளே போய்விட்டாள். அவர், புதிதாக அந்த ஊருக்கு வந்தவரைப் போல, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே கடலை நோக்கி நடந்தார்.