முதலாளி கையில் ஒரு எலுமிச்சம்பழம்

ஆரணியில் ரைஸ்மில் முதலாளி தர்மலிங்கத்தின் பழைய காரில் கியர் பாக்ஸ் இரைய ஆரம்பித்தது. அதுவும் டிரைவர் ஏகாம்பரம் ஓட்டினால் சத்தமே இல்லை. முதலாளி ஓட்டினால்தான் வந்தது.

"நான் ஓட்டுறப்போ மட்டும் இரையுதுன்னா, நீதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கே. கியர் பாக்ஸைக் கழட்டக் கூடாது. நாளைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா வேற டிரைவர் வருவான்."

ஏகாம்பரம் கியர் ஆயிலைப் பார்த்தான். சரியாக இருந்தது. முதலாளியை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தான். மறுநாள் காலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

"டாப் கியர் போட்டதும் இதை இடது கையில எடுத்து, ஸ்டியரிங்கோட சேர்த்துப் பிடிச்சுக்குங்க. கியர் மாத்துறப்போ மட்டும் மடியில வைக்கலாம்."

செய்யாறு வரை ஒரு சத்தமும் இல்லை. முதலாளிக்குப் பரவசம்.

"எந்தக் கோயில் பழம்டா?"

"சந்தைப் பழங்க."

"மந்திரிச்சியா?"

"கழுவினேங்க. இப்போ பழத்தை என்கிட்ட குடுத்துட்டு, எப்பவும்போல ஓட்டுங்க."

கொடுத்ததும் அவருடைய இடது கை தானாகப் போய் கியர் தடியின் தலையில் உட்கார்ந்துகொண்டது. இரைச்சல் கிளம்பியது. கையை எடுத்தார், நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி இரைந்தது.

"கையோட பாரம் உள்ளே கியரைத் தள்ளுற கவையை அழுத்துதுங்க. அது உரசித் தேயுது. கையை எடுங்கன்னு நேத்தே நான் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

முதலாளி கியர் தடியிலிருந்து கையை எடுத்து நீட்டினார்.

"ஏகாம்பரம், அந்தப் பழத்தை இப்படிக் குடு. வீட்ல யாராவது கேட்டா, மந்திரிச்சதுன்னே சொல்லு."