பத்து நிமிடக் காவல்

வடாற்காட்டுச் சீமையில் வேலங்குன்றம் என்றொரு சிற்றூர். அங்கே தார்ச்சாலையை ஒட்டிக் கோயில் கொண்டிருக்கிறான் முருகப்பெருமான். அவன் வாசலில் இருபத்தாறு ஆண்டுகள் பக்தர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டவர் எல்லப்பனார். சேறு அப்பிய செருப்பு வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். துணியால் துடைத்து, ஜோடி ஜோடியாக, முனைகளெல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்படி அடுக்கி வைப்பார். பட்டாளத்தில் இருந்தவர் கை அப்படித்தான் அடுக்கும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பது நான்கு மணிக்கு. குருக்கள் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வாசலில் ஈ காக்கை இருக்காது. எல்லப்பனாரின் வழிபாடு அப்போதுதான் தொடங்கும். மூங்கில் கழி ஒன்றைப் பிடித்து, சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து விறைப்பாக நிற்பார். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்பார். கும்பிட மாட்டார், பாட மாட்டார். காவல் நிற்பவன் உள்ளே இருப்பவருக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும். அவர் அறிந்த பக்தி அது.

ஊர் சும்மா இருக்குமா? "இன்னா பெருசு, சாமிய யார்னா தூக்கிகினு பூடுவான்னா நிக்கிற?" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். சிரிப்பும் வரும். எல்லப்பனார் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் ஏன் நின்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் வயதில், கொடியின் முன்னே கை நீட்டி அவர் சத்தியம் செய்தார். தரையோ கடலோ வானோ, அனுப்பும் இடத்துக்குப் போவேன், உயிரே போவதானாலும் இட்ட ஆணையை மீற மாட்டேன் என்பது அந்தச் சத்தியம். ஆயிரக்கணக்கானோர் செய்கிற சத்தியம்தான். எல்லப்பனார் அதை முருகன் பேரைச் சொல்லிச் செய்தார்.

வடக்கே பனிமலையில் சண்டை மூண்டபோது, ஒரு முகட்டில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவருக்குக் காவல். இரண்டு மணிக்கு ஏசுவடியான் மாற்றுக்கு வர வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அன்று அவர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். எல்லப்பனாரின் கால்விரல்கள் குளிரில் மரத்துப்போயிருந்தன.

"லே, பத்து நிமிசந்தானே. நீ போயி சாயா குடி, நான் நிக்கேன்" என்றார் ஏசுவடியான்.

மாற்றுக்கு நேரம் ஆகாமல் காவலை விட்டு நகரக் கூடாது என்பது ஆணை. எல்லப்பனார் நகர்ந்தார். டீக் குவளையை வாயருகே கொண்டுபோனபோது முகட்டில் குண்டு விழுந்து ஏசுவடியான் மாண்டார். கைக்கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பத்தாறு. அந்த நேரம் ஏசுவடியானுடையது அல்ல. எல்லப்பனாருடையது.

யாரும் அவரை விசாரிக்கவில்லை. அவர் சொன்னபோதும் மேலதிகாரி தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். தண்டித்திருந்தால் எல்லப்பனார் மனம் ஆறிப் பிழைத்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பணிக்காலம் முடிந்ததும் ஓய்வு கொடுத்தார்கள். ஊர் திரும்பிய மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு முருகன் வாசலில் போய் நின்றார். 'விட்டுப்போன காவலை நிற்கிறேன். மாற்று வந்து முறைப்படி வாங்கிக்கொண்டு, போகலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டும்' என்பதே அவர் கேட்ட ஒரே வரம். தேவர்களின் படைக்கே தலைவன் அல்லவா அவன், அவனுக்கா இது தெரியாது என்று நம்பினார். முருகன் வாயைத் திறக்கவில்லை. ஆண்டுகள் போயின.

அதே படையில் சுபேதாராக இருந்த மாசிலாமணி ஒருமுறை தேடி வந்தார். கழியும் கையுமாக நிற்கும் கோலத்தைக் கண்டு, இரண்டு மணி ஆகும்வரை காத்திருந்தார்.

"டிஸ்சார்ஜ் புக்கு கையில குடுத்த அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சுடா எல்லப்பா."

"புக்கு குடுத்தாங்க சாப். சத்தியத்த யாரு சாப் திருப்பி வாங்கினாங்க?"

மாசிலாமணி படியில் உட்கார்ந்தார். "எனக்கும் அதே நெனப்புதாண்டா. நான் குடிச்சு மறக்கிறேன், நீ நின்னு மறக்கப் பாக்குற" என்று சொல்லி அழுதார். எல்லப்பனார் அழவில்லை. தாம் மறப்பதற்காக நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு பங்குனி மாதத்தில் அவர் மனைவி கன்னியம்மாள் மஞ்சள் காமாலையில் கிடந்தார். பகல் ஒரு மணிக்கு மகள் தேவகி ஓடி வந்து, "நைனா, அம்மா உன்னத் தேடுது, வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கால் நகரவில்லை. தேர்முட்டிக் கடிகாரத்தில் மணி இரண்டு அடித்ததும் ஓடினார். கன்னியம்மாளின் கண்ணை யாரோ மூடி வைத்திருந்தார்கள்.

இதை எழுதும்போது நமக்கும் கோபம் வருகிறது. போயிருக்கலாமே ஐயா என்று கத்தத் தோன்றுகிறது. தேவகி கத்தியே விட்டாள். "செத்தவனுக்குக் காவல் நிக்கிற. உசுரோட இருந்தவளுக்கு நீ இன்னா செஞ்ச?" பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கணவன் ஊருக்குப் போனவள், அதன்பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. எல்லப்பனார் சாத்திய கதவின் முன் வழக்கம்போல் நின்றார். அவருக்கும் உள்ளுக்குள் எல்லாம் செத்துப்போயிருந்தது. முருகன் கேட்கிறான் என்ற எண்ணம்கூட மங்கிவிட்டது. கேட்காதவனுக்கும் காவல் நிற்கத்தான் வேண்டும் என்று நின்றார்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. செருப்புகள் மாறிப்போயின. புதிதாக வந்த கோயில் அதிகாரி செருப்பு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, "வாசப்படியிலயும் இனிமே நிக்கக் கூடாது. வர்றவங்க பயப்படறாங்க" என்றார். எல்லப்பனார் படியை விட்டு இறங்கி, சாலையில், உருகும் தாரின் மேல் வெறுங்காலோடு நின்றார். பத்தடி தள்ளி வேப்பமர நிழல் இருந்தது. மணி இரண்டு அடிக்கும் முன்னே அந்த நிழலுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் ஒருநாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. 'இன்றைக்கு இரண்டு வரை தாங்குவேனா தெரியவில்லை, முருகா. இதுவும் பாதியில் போய்விடும் போலிருக்கிறது' என்று நினைத்தபோது அவர் கண் கலங்கியது.

யாரோ நடந்து வரும் ஓசை கேட்டது. "யாரது?" என்று அதட்டினார்.

"மாத்து வந்திருக்கேன்."

முப்பது வயது இருக்கும். பட்டாளத்துக்காரனின் நிமிர்வு. முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் ஏங்கிக் கிடந்த சொல் காதில் விழுந்தும் எல்லப்பனார் கழியை விடவில்லை. "மணி இன்னா?" என்று கேட்டார்.

"ஒண்ணு அம்பது."

"இன்னும் பத்து நிமிசம் என்னுது. ரெண்டு மணிக்கு வா."

வந்தவர் போகவில்லை. "அப்போ நானும் கூட நிக்கிறேன்" என்று பக்கத்தில் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. தார் கொதித்துக்கொண்டிருந்தது. "காலு வெந்துபோகும்பா, நெழலுக்குப் போ" என்றார் எல்லப்பனார். வந்தவர் அசையவில்லை. பத்து நிமிடமும் தோளோடு தோளாக இருவரும் வெயிலில் நின்றார்கள்.

தேர்முட்டிக் கடிகாரம் இரண்டு அடித்தது. எல்லப்பனார் குதிகாலைச் சேர்த்து, திரும்பி நின்று, காவலை ஒப்படைத்தார். "இது கோயில் வாசல். உள்ள சாமி தனியா கீது. யாரு வந்தாலும் பேரக் கேளு. மாத்து வராம நகராத."

"சரி. காவலை நான் வாங்கிக்கிட்டேன். நீங்க போகலாம், ஐயா."

எல்லப்பனார் கழியைக் கொடுத்தார். கை காலியாக, வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

நான்கு மணிக்கு நடை திறக்க வந்த குருக்கள், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உடலைக் கண்டு பதறினார். வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்கிச் செத்துப்போனார், கடைசியில் அவரும் காவலை விட்டுவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். குருக்கள் கதவைத் திறந்து உள்ளே போனார். உச்சிக்காலத்தில் சாத்திய சந்தனக்காப்பு, வெயிலில் காய்ந்ததைப் போல் வெடித்திருந்தது. மூலவரின் இரண்டு உள்ளங்காலின் விளிம்பிலும் கறுப்பாக, இளகிய தார். வேல் இருக்கும் கையில் மூங்கில் கழி.

செய்தி கேட்டு வந்த மாசிலாமணி மரத்தடியில் நின்று சல்யூட் அடித்தார். "மாத்து வராம எங்க எல்லப்பன் நகர்ந்திருக்க மாட்டான்" என்றார். தேவகி வந்தாள். தகப்பனின் பாதத்தைத் தொட்டவள், கொப்புளங்களைக் கண்டு அதன் மேல் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

வரம் கொடுக்க வந்தவனையே பத்து நிமிடம் காத்து நிற்கச் சொன்ன அந்தப் பெரியவரின் திருவடியை நாமும் தொட்டுக்கொள்வோம்.