ஊதா மை

"அந்தச் சொல்லே செத்துப்போச்சும்மா," என்றார் தணிகாசலம்.

ஆசிரமத்து அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தச் சொல்லு?"

"பிரார்த்திக்கிறோம். பஸ் கவிழ்ந்தா அதைத்தான் சொல்றான். பாலம் இடிஞ்சா அதைத்தான் சொல்றான். போன்ல கை கும்பிடுற பொம்மையைத் தட்டிவிட்டுட்டு அதே கையைச் சோத்துல வைக்கிறான். ஒருத்தனாவது மனசாரச் சொல்றானா?"

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று வயது. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் மனு வாங்கிப்போட்டுவிட்டு மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தவர். குருவான அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். வந்த அன்றே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். நோயாளிகளின் வீட்டிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க வேண்டும். பதில் எழுத வேண்டும். மாலை ஆறு மணிப் பிரார்த்தனையில் அந்தப் பேர்களை வாசிக்க வேண்டும்.

முதல் வருடம் கையால் எழுதினார். கடிதங்கள் பெருகின. மறு வருடம் திண்டுக்கல்லில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினார்.

'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்.'

பிறகு கடிதங்களில் அவருக்கு விலாசம் மட்டுமே வேண்டியிருந்தது. கட்டைவிரலில் ஊதா மை போவதே இல்லை.

"பேர் வாசிக்கிறதை விட்டுட்டீங்களே, ஐயா."

"அதான் 'கடிதம் போட்ட எல்லாருக்காகவும்'னு சொல்லிடறேனேம்மா. ஆண்டவனுக்குத் தெரியாதா?"

அம்மா ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிக்கடைப் பை.

"கடுதாசிக்குப் பதில் போடுறவங்க யாருங்க?"

அம்மா கீரைக் கையால் அவரைக் காட்டினார்.

அவள் நேராக வந்து அவர் காலில் விழுந்தாள். எழுந்து, பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறி மூலைகள் மடங்கியிருந்தன. ஊதா எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"எம் பிள்ளைக்கு ரத்தத்துல சீக்கு, சாமி. பதினோரு வயசு. இதைத் தலகாணிக்கு அடியிலயே வச்சிருந்தா. ஆறு மணியாச்சுன்னா, 'இப்ப அங்க எம் பேரைச் சொல்லுவாங்கல்ல?'ம்பா. ஊசி போட வந்தா, 'இருங்கக்கா, அங்க சொல்லி முடிக்கட்டும்'னு நர்சையே நிக்க வச்சுருவா."

தணிகாசலம் சிரிக்கப் பார்த்தார்.

"இப்ப எப்படி இருக்கா?"

"வெள்ளிக்கிழமை போயிட்டா, சாமி."

கீரை உருவும் சத்தம் நின்றது.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தெரியாம தினமும் சொல்லிக்கிட்டே இருப்பீங்கல்ல. அவ பேரை எடுத்துருங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு குட்டிப் பாப்பா கெடக்கு. அந்த எடத்துல அதைச் சேத்துக்குங்க."

'சரிம்மா' என்றால் போதும். அவள் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவாள். முப்பது வருடம் மனுவோடு வந்தவர்களிடம் சொன்ன அதே 'சரிம்மா'. நாக்கு வரை வந்துவிட்டது.

அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எழுந்து உள்ளே போனார். அவருடைய தபால் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தப் பேரை அடிச்சிடுங்க, ஐயா."

நோட்டைத் திறந்தார். தேதி. கதவு எண். ஊர். பின்கோடு. அடுத்த பக்கம். தேதி. கதவு எண். ஊர்.

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் தொட்டுப் பாத்துக்கறேன், சாமி. எங்க எழுதியிருக்கு?"

அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றை.

பிறகு நோட்டை மூடினார்.

"பிள்ளை பேர் என்னம்மா?"