‘எல்லாம் நலம்’ என்று கூவிய கம்பெனி

ஆனைக்கல் காட்டில் கரிச்சான் குருவிகள் சேர்ந்து ஒரு காவல் கம்பெனி நடத்தின. கறுத்த உடம்பும் இரட்டை வாலுமாக இருக்குமே, எந்த மிருகத்தின் குரலையும் அப்படியே திருப்பிப் பேசுமே, அந்தக் குருவிதான்.

ஆற்றுத்துறையில் தொடங்கி மலையடிவாரம் வரை நூற்றிருபது மரங்கள். மரத்துக்கு ஒரு குருவி. துறையில் புலி தலை காட்டினால் போதும், துறை மரத்துக் குருவி கூவும். அதைக் கேட்டு அடுத்த மரம், அதைக் கேட்டு அதற்கடுத்த மரம். நாலு மூச்சு விடுவதற்குள் சேதி மலையடிவாரம் போய்ச் சேர்ந்துவிடும். மானுக்கு மான் பாஷையில், பன்றிக்குப் பன்றி பாஷையில். சும்மா சொல்லக்கூடாது, அபாரமான ஏற்பாடு.

இதற்குக் கூலி வெட்டுக்கிளி. மான்கள் மேயும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளி மொத்தமும் கம்பெனிக்கு. மைனா, கொக்கு எதுவும் கிட்டே வரக்கூடாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. கம்பெனிக் குரலைத் தவிர வேறு யார் குரலையும் கேட்டு ஓடக்கூடாது. ஓடினால் அந்தக் கூட்டத்துக்குக் காவல் நிறுத்தப்படும்.

மான்கள் சந்தோஷமாகச் சம்மதித்தன. முன்பெல்லாம் பத்து மான் மேய்ந்தால் இரண்டு மான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும். இனி அது எதற்கு? எல்லாம் குனிந்து வயிறு முட்ட மேய்ந்தன. ஏதாவது ஒன்று பழக்கதோஷத்தில் நிமிர்ந்தால், "என்ன, கம்பெனி மேலேயே சந்தேகமா?" என்று மற்றவை கேலி செய்யும். ஆறேழு வருஷத்தில் காவல் நிற்கத் தெரிந்த மான் ஒன்றுகூட அந்தக் காட்டில் இல்லாமல் போனது. குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை.

கம்பெனித் தலைவன் பெயர் கொண்டையன். காட்டின் நடுவில் இருந்த பெரிய இலவமரம்தான் அவன் இடம். ஓரிடத்தில் நன்றாக நடந்தால் அதோடு நிற்க முடியாத ஜாதி அவன். மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலும் கிளை திறந்தான். கண்ட இடத்திலிருந்தும் குருவிகளைக் கூட்டி வந்து இருநூறு மரத்தில் உட்கார வைத்தான். அந்தக் காட்டில் மானைவிடக் கல்தான் அதிகம். இதை யாராவது முதலில் போய்ப் பார்த்தார்களா என்றால், இல்லை.

அந்த வருஷம் பார்த்து மழையும் கைவிட்டது. புல் காய்ந்தது. வெட்டுக்கிளி அற்றுப்போனது. அந்தப் பக்கத்து இருநூறு குருவிகளும் பசி தாங்காமல் இந்தப் பக்கம் வந்து, இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தின்று தீர்த்தன. கம்பெனி தரைதட்டி நின்றது.

கொண்டையன் எல்லாக் குருவிகளையும் இலவமரத்துக்குக் கூப்பிட்டான்.

"நஷ்டம்ங்கிற வார்த்தை வெளியில போகக்கூடாது," என்றான். "சின்னச் சறுக்கல்னு சொல்லுங்க. இன்னியிலேர்ந்து நமக்குப் பதினஞ்சு பேர் போதும். இந்த மரத்தைச் சுத்தி இருக்கிற பதினஞ்சு பேர். மத்தவங்க கிளம்பலாம்."

"அப்ப ஆற்றுத்துறை?" என்று கேட்டான் ஒத்தைவாலன். துறை மரத்தில் காவல் இருந்தவன் அவன்தான். அங்கே ஒருநாள் பருந்து பாய்ந்ததில் வாலில் பாதி போய்விட்டது. அப்படியும் மரத்தை விட்டு இறங்காதவன்.

"துறை மரத்துல நீ உட்கார்ந்திருக்கிறது யாருக்குத் தெரியுது? இலவமரத்துல உட்கார்ந்தா நாலு பேர் பார்ப்பாங்க."

"புலி துறை வழியாத்தானே வருது?"

"நீ கிளம்பலாம்னு சொன்னேன்," என்றான் கொண்டையன்.

ஒத்தைவாலன் போனான். அவனோடு இந்தப் பக்கத்துக் குருவிகள் நூற்று நாலு பேரும், அந்தப் பக்கத்து இருநூறு பேரும் போனார்கள். மிச்சமிருந்த பதினைந்தில் ஒருவன், "சத்தம் குறைஞ்சா மான்களுக்குச் சந்தேகம் வராதா?" என்று கேட்டான்.

கொண்டையன் சிரித்தான். "புலி வந்தாத்தானே இத்தனை நாளாக் கூவினோம்? வராதப்ப சும்மாதானே இருந்தோம்? அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை வித்துட்டாப் போச்சு."

அடுத்த நாளே புதுக்குரல் வந்துவிட்டது. மான்கள் நாலு வாய் புல் கடிப்பதற்குள் ஒரு தடவை, இலவமரத்திலிருந்து மான் பாஷையில் அழகாக, "எல்லாம் நலம்." இதைக் கூவ ஒரு குருவி போதும். கண் வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும்.

மான்களுக்கு என்ன ஆனந்தம் தெரியுமா? "முன்னெல்லாம் புலி வந்தாத்தான் சொல்வாங்க. இப்ப வராததையும் சொல்றாங்க பாரு, எவ்வளவு அக்கறை," என்று பூரித்துப்போனது கூட்டத்தின் தலைவனான கலைமான் கவைக்கொம்பன். இந்த அக்கறைக்காகக் கூலியும் ஏறியது. உச்சி வெயிலிலும் ஓய்வெடுக்காமல் மேய்ந்து வெட்டுக்கிளி கிளப்ப வேண்டும் என்றான் கொண்டையன். தலையாட்டிவிட்டு மேய்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்று ஒரு பெண்மான். குட்டி ஈன்று பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஈன்ற இரண்டும் தங்கவில்லை. இந்தக் குட்டியாவது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. குட்டிக்கு இன்னும் கால் ஊன்றவில்லை, நாலு எட்டு வைத்தால் மடங்கி உட்கார்ந்துவிடும். காய்ந்த புல்லைத் தின்று தின்று இவளுக்குப் பாலும் வற்றிக்கொண்டிருந்தது. காடு முழுக்கப் பச்சைப் புல் மிச்சம் இருந்தது ஒரே இடத்தில், ஆற்றுத்துறையில்.

அவள் துறைக்குக் கிளம்பிய அன்று வழியில் ஒத்தைவாலன் வந்து உட்கார்ந்தான். பசியில் பாதியாகிப் போயிருந்தான்.

"அக்கா, துறைக்குப் போகாதீங்க. அங்க காவலுக்கு யாருமே இல்லை."

"இப்பக்கூட நலம்னு கூவினாங்களே?"

"கூவினவன் இலவமரத்துல இருக்கான். அங்கேர்ந்து துறை தெரியாது. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது அக்கா, வாய்க்கு வந்ததைக் கூவறான்."

செம்பி வழியை மாற்றினாள். நேரே இலவமரத்துக்குப் போனாள். கொண்டையன் அவளை மரியாதையாக வரவேற்றான்.

"இதோ பாரம்மா, வேலை போன வயித்தெரிச்சல்ல பேசறான் அவன். துறையில ஆள் இல்லைதான், மறைக்கலை. ஆனா அதைவிட நல்ல ஏற்பாடு வரப்போகுது. வர்ற மழைக்கு ஒரு புதுக்குரல் விடறோம். புலி பாயணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும்."

"வர்ற மழைக்குத்தானே ஐயா? இன்னிக்கு?"

"இன்னிக்கு எல்லாம் நலம்தானே," என்றான் கொண்டையன்.

அவள் திரும்பி வந்தபோது ஒத்தைவாலன் அதே இடத்தில் காத்திருந்தான். "நான் வந்து துறை மரத்துல உட்கார்றேன் அக்கா. நீங்க மேயறப்ப கிளம்பற வெட்டுக்கிளி ரெண்டு கிடைச்சாப் போதும் எனக்கு. புலி வந்தா கத்தறேன்."

செம்பிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் கவைக்கொம்பன் குறுக்கே வந்து நின்றான். "வெளியாள் குரலைக் கேட்டா மொத்தக் கூட்டத்துக்கும் காவல் போயிடும். உன் ஒரு குட்டிக்காக எங்க இருபத்தாறு பேரையும் புலி வாயில தள்ளப் பார்க்கிறியா?"

செம்பி இருபத்தாறு முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் அவள் பக்கம் இல்லை.

"வேண்டாம் தம்பி, நீ போ," என்றாள். ஒத்தைவாலன் மலை தாண்டி எருமைகள் மேயும் பக்கம் பறந்து போனான். பிறகு அவன் அந்தக் காட்டுக்குத் திரும்பவே இல்லை. நல்லவனை விரட்டிவிட்டார்கள் பாவிகள், வேறு என்ன சொல்ல?

பால் வற்றும் பயத்தில் செம்பி, குட்டியை உட்கார உட்கார எழுப்பித் துறைக்குக் கூட்டிப் போனாள். துறையில் புல் நன்றாக இருந்தது. நாலைந்து வாய் தின்றதுமே செம்பிக்கு மடி கனப்பதுபோல் இருந்தது. குட்டி நாணல் ஓரத்தில் படுத்திருந்தது. நாணல் அசைந்தது. காற்றாக இருக்கலாம். அவள் தலையைத் தூக்கினாள்.

"எல்லாம் நலம்," என்றது இலவமரம்.

அவள் தலையைக் குனிந்தாள்.

குட்டி ஒரே ஒருமுறை கத்தியது. செம்பி திரும்பிப் பார்த்தபோது மஞ்சளும் கறுப்புமாக ஒரு முதுகு நாணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். ஓடி என்ன செய்வது? நின்றுவிட்டாள்.

இலவமரத்தடிக்கு அவள் வந்தபோது மொத்தக் கூட்டமும் அங்கே இருந்தது.

"நலம்னு சொன்னீங்களே," என்றாள்.

கொண்டையன் கொஞ்சமும் பதறவில்லை. "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாங்க சொன்னது பொதுவா. மொத்தக் காட்டையும் வச்சுப் பாரு. எத்தனை மான், எத்தனை பன்றி, எத்தனை முயல்! இன்னிக்குப் போனது ஒரு குட்டி. மொத்தத்துல பார்த்தா நலம்தானே?"

செம்பி கூட்டத்தைப் பார்த்தாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்து அவனைக் கேட்க மாட்டார்களா என்று பார்த்தாள். கவைக்கொம்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஐயா, அந்தப் புதுக்குரல் எப்ப வரும்?"

"அடுத்த மழைக்கு. உங்க கூட்டத்துக்குத்தான் முதல்ல," என்றான் கொண்டையன். கூட்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் மேயப் போனார்கள்.

செம்பி மேயவில்லை. மடி கட்டி வலித்தது. குடிக்க வாய் இல்லையே. அன்று முழுக்கவும் மறுநாளும் தலையைத் தூக்கியே நின்றாள். மற்ற மான்கள் பரிதாபப்பட்டன, "புத்தி கலங்கிப்போச்சு" என்று.

பதினோரு நாள் குட்டி ஒரு புலிக்கு எத்தனை நேரம் காணும்? மறுநாள் உச்சி வெயிலில் புல்வெளி ஓரத்துப் புதரில் ஒரு வாடை வந்தது. துறையில் மூக்கில் ஏறிய அதே வாடை. செம்பி அதை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தக் காட்டில் எந்த மானும் வெகு வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். காலால் தரையை ஓங்கி உதைத்துத் தன் சொந்தக் குரலில் கத்தினாள்.

"புலி! புதர்ல புலி! ஓடுங்க!"

இருபத்தாறு மானும் நிமிர்ந்தன. ஆனால் புதரைப் பார்க்கவில்லை. எல்லாம் இலவமரத்தைப் பார்த்தன.

"கம்பெனி ஒண்ணும் சொல்லலையே," என்றான் கவைக்கொம்பன். புதருக்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான். "சும்மா இரு செம்பி. உன்னால காவல் போயிடப் போகுது."

"அண்ணே, உங்க பின்னாலதான்..."

"எல்லாம் நலம்," என்றது இலவமரம்.

கவைக்கொம்பன் திருப்தியாகத் தலையைக் குனிந்து புல்லைக் கடித்தான். அந்தப் புல்லை அவன் விழுங்கவில்லை.

தன் கண்ணையும் காதையும் அடுத்தவனிடம் முழுசாக ஒப்படைத்துவிட்டவனுக்கு, அந்த அடுத்தவன் நொடித்துப்போன சேதியைப் புலிதான் வந்து சொல்லும்.