சேவல் தின்ற காய்ச்சல் மருந்து

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிப்பு உண்டு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். சிரிப்பு கடைசிப் பந்தியில்தான். முதல் பந்தியில் கோழித் தீவனம்.

குன்றையூர் மன்னர் திருமேனிராயருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று, அவருடைய சண்டைச் சேவல்கள். இன்னொன்று, அந்தச் சேவல்கள்மேல் அவரே பாடிய 'சேவல் புராணம்'. தினமும் விளக்கு வைத்ததும் கொலுமண்டபத்தில் பாட ஆரம்பித்துவிடுவார். மகாராணி முதல் பல்லக்குத் தூக்கி வரை எல்லோரும் வந்தாக வேண்டும். வராவிட்டால் கசையடி. கசையடியே தேவலை என்று சிலர் முணுமுணுத்தார்களாம். மன்னர் காதில் விழவில்லை. பாடுகிறவர் காதில் எது விழும்?

ஒருநாள் அரண்மனை வைத்தியர் உலகம்மை மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராஜா, என் காய்ச்சல் மருந்து ஜாடியைக் காணோமே!"

"சேவல் கொட்டகையில் இருக்கிறது," என்றார் மன்னர் பெருமையாக. "தினம் ஒரு சிட்டிகை தீவனத்தில் கலக்கச் சொல்லியிருக்கிறேன். சேவல்கள் எப்படிக் கொழுத்துவிட்டன, பார்த்தாயா? தொடை ஒவ்வொன்றும் தேங்காய்!"

"ஐயோ! போன ஐப்பசியில் இளவரசி பிழைத்தது அந்த மருந்தால்தானே! தினம் கொடுத்தால், சேவல் வயிற்றில் ஏதோ ஒரு கிருமிக்கு மருந்திலிருந்து தப்பிக்கும் வித்தை கைவந்துவிடும். அது சும்மா இருக்காது. உரசிப் போகிற கிருமிக்கெல்லாம் வித்தையைக் கொடுக்கும். அப்புறம் இளவரசிக்குக் காய்ச்சல் வந்தால் ஜாடியையே கவிழ்த்தாலும் பலிக்காது."

மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். "சேவல் கிருமி ஒரு குலம், மனுஷக் கிருமி ஒரு குலம். அதன் வித்தை இதற்கு எப்படி வரும்? சம்பந்தம் பண்ணிக்கொண்டார்களா?"

சபையே சிரித்தது. அரசவை விகடன் கூத்தபிரான் மட்டும் சிரிக்கவில்லை. யார் குரலிலும் அப்படியே பேசுகிற ஆள் அவன். சேவல் மாதிரி ஒரு கூவல் கூவிவிட்டு எழுந்தான்.

"ஒரு மாதத் தவணை கொடுங்கள் மகாராஜா. ஒரு வித்தை குலம் விட்டுக் குலம் தாவுவதை நிரூபிக்கிறேன். அதுவரை ஜாடிக்கு முத்திரை போடுங்கள்."

"சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாது, மண்ணுக்குத் தெரியாது என்று கதை விடக்கூடாது. என் கண்ணால் நான் பார்க்க வேண்டும். தோற்றால் நீயும் வைத்தியரும் ஊரைவிட்டே போகணும். ஜாடி சேவலுக்கு!"

அந்த மாதம் மன்னருக்கு வாழ்வின் பொற்காலம். முன்பெல்லாம் புராணம் தொடங்கியதும் தளபதி குறட்டை விடுவார், மந்திரி கொட்டாவி விடுவார். இப்போதோ ஒருவர் கண்ணும் சொருகவில்லை. முகமெல்லாம் மலர்ச்சி. பாட்டு முடிந்து மன்னர் கையைத் தூக்கினால் போதும், "ஆஹா!" என்று மண்டபமே அதிரும். 'கடைசியில் இவர்களுக்கும் ரசனை முளைத்துவிட்டது' என்று மன்னர் பூரித்துப்போனார். பூரிப்பில் இன்னும் நூறு பாட்டு எழுதினார்.

தவணை முடிந்த அன்று, பாடப்போகும் நேரத்தில் கூத்தபிரான் அவர் காதோரம் குனிந்தான்.

"மகாராஜா, இன்றைக்கு நடுவில், அதே ராகத்தில், நான் சொல்வதையும் சேர்த்துப் பாடுங்கள்."

மன்னருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாடினார்.

"கொண்டை சிவந்த குலவிளக்கே... அரண்மனை தீப்பிடித்து எரியுதே... எல்லாரும் ஓடுங்களே..."

கையைத் தூக்கினார்.

"ஆஹா!" என்றார் தளபதி.

மகாராணி கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

மன்னர் திகைத்தார். இன்னொரு வரி இழுத்துப் பார்த்தார். "மந்திரி ஒரு கழுதையே... மகா மகா கழுதையே..."

"தேன்! தேன்!" என்று மந்திரி எழுந்து நின்று கைதட்டினார். "இன்னொரு தடவை!"

மன்னர் பாய்ந்து இறங்கி மந்திரியின் காதைப் பிடித்தார். மெழுகு தோய்த்த பஞ்சு உருண்டை ஒன்று பொத்தென்று விழுந்தது. தளபதி காதிலும் அதே. மகாராணி தானே தன் காதிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன, முடிந்துவிட்டதா?" என்றாள்.

"யார் கொடுத்தது இந்த வித்தை?"

மகாராணிக்குத் தோழி சொன்னாளாம். தோழிக்குத் தளபதி, தளபதிக்குப் பல்லக்குத் தூக்கி, அவனுக்குச் சமையற்காரர். சமையற்காரர் நெளிந்தார். "தவிடு வாங்க வந்த சடையன் உருட்டிக் காட்டினான், சாமி."

சடையன், சேவல் கொட்டகைக் காவலாள்.

"நான் சொல்லிக்கொடுத்தது சடையன் ஒருத்தனுக்குத்தான், மகாராஜா," என்றான் கூத்தபிரான். "ஊருக்கே கொடுத்தும் அவனிடம் குறையவில்லை. பாருங்கள், இன்னும் காதில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறான்."

"கோழி மேய்க்கிற சடையனுக்கும் என் மகாராணிக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஒன்றுமே இல்லை. குலம் வேறு, கோத்திரம் வேறு. ஆனால் இருவர்மேலும் தினம் தினம் பொழிந்தது ஒரே புராணம். வருஷத்துக்கு ஒருமுறை பாடியிருந்தால் யார் மெழுகைத் தேடியிருப்பார்கள்?"

"என் பாட்டை இகழ்கிறாயா?" என்று மன்னர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. சடையனைப் பார்த்தார். மகாராணியைப் பார்த்தார். ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தார்.

"உலகம்மா! ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடு!" என்று அலறினார். "என் சேவல் வயிற்றுக்குள்ளேயும் ஒரு சடையன் உட்கார்ந்திருக்கிறான்!"