ஒரே கையில் இரண்டு பெயர்கள்

நெடுமரத்துறைக் கிளை நூலகத்தில் நடந்தது இது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். ஆகையால் விதிகளைக் கவனமாகப் படியுங்கள்.

நூலகத்துக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும், வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் தம் பெயரை எழுத வேண்டும். நாளுக்கு ஒரு தாள், பின்பக்கத்தில் எழுதுவதில்லை. பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு மொத்தமாகக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தாளைக்கூட யாருக்கும் கிழித்துக் கொடுக்கக் கூடாது. ஆனால் தணிக்கையாளர் ஏதாவது கேள்வி எழுப்பியிருந்தால், பதில் எழுதும்வரை அந்தப் பதிவேட்டை அகற்ற முடியாது. பதிலுக்குச் சான்றாக அதிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து இணைக்கலாம். பதில் நிரந்தரக் கோப்பில் சேரும். அந்தக் கோப்பை யார் கேட்டாலும் நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கொம்பையா அரிசி ஆலைக் காவலாளி. வேலை முடிந்ததும் காலையில் நாளிதழ் படிக்க வருவார். கூடவே மூட்டை தூக்கும் சுப்புக்குட்டியும் வருவார். சுப்புக்குட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொம்பையா தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தணிந்த குரலில் செய்திகளை வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் சுப்புக்குட்டி காய்ச்சலில் படுத்துவிட்டார். கொம்பையா தனியாக வந்து போனார். அன்று மாலையே மாரடைப்பில் இறந்தார். அடுத்த மாதம் ஆற்று வெள்ளம் அவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் கைப்பட எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று.

பின்னர் வந்த தணிக்கையாளர் அந்தப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்: "ஒரே கையெழுத்தில் தினமும் இரண்டு பெயர்கள். கொம்பையா என்பவர் பொய் வருகை எழுதியதாகத் தெரிகிறது. விளக்கம் தேவை." அப்போதிருந்த நூலகர் பதில் எழுதாமலே மாறுதலாகிப் போய்விட்டார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. அகற்ற வேண்டிய பதிவேடுகளுக்குப் பட்டியல் போட்ட புதிய நூலகர் மெகருன்னிசாவின் கண்ணில் சிவப்பு எழுத்து பட்டது. கொம்பையாவின் மனைவி பேச்சித்தாயையும் சுப்புக்குட்டியையும் வரவழைத்து விசாரித்தார்.

பேச்சித்தாய் பதிவேட்டைப் புரட்டி, கணவரின் கடைசி நாள் தாளில் நிறுத்தினார். அதன் பின்பக்கத்தை விரலால் தடவினார். கொம்பையா பேனாவை அழுத்தி எழுதுகிறவர். எழுத்து பின்னால் புடைத்து நின்றது.

"போன்ல படம் எடுத்துத் தரேம்மா," என்றார் மெகருன்னிசா.

"படத்துல இது விரலுக்குத் தட்டுப்படுமா மேடம்?"

மெகருன்னிசா போனை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் பதில் எழுதினா இந்தப் பதிவேடு ஆலைக்குப் போயிரும். எழுதலேன்னா இங்கேயே இருக்கும். சிவப்பு எழுத்தும் கூடவே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். எழுதாதீங்க."

சுப்புக்குட்டி எழுந்துவிட்டார். "என்ன மதினி பேசுதீக? எனக்காக எழுதப்போயி அண்ணன் பொய்யன்னு பேரு வாங்கிக் கெடக்காரு. என் பேருக்குப் பதிலா கழுதைன்னு எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஒரு நாளும் அப்படிச் செய்யலியே அந்த மனுசன்."

"உங்களுக்குப் பேரு பெருசு, கொழுந்தனாரே. எனக்கு அவரு கையெழுத்து ஒண்ணுதான் மிச்சம்."

சுப்புக்குட்டி நூலகர் பக்கம் திரும்பினார். "எழுதுங்கம்மா. நான் கைநாட்டு வைக்கேன்."

மெகருன்னிசா பேனாவைத் திறந்தார். இரண்டு பேரையும் பார்த்தார்.

இப்போது சொல்லுங்கள். அவர் பதில் எழுத வேண்டுமா, கூடாதா? இந்த இருவரில் யார் கேட்டது சரி?

விடை: சுப்புக்குட்டி கேட்டதே சரி. எழுதாமல் விட்டால், கொம்பையாவின் எழுத்து இருக்கும் காலம்வரை பொய்யன் என்ற சொல்லும் அதனோடு இருக்கும். எழுதினால் பழி நீங்கும். சான்றாக ஒரு தாள் நிரந்தரக் கோப்பில் தங்கும். பேச்சித்தாய் வேண்டும்போது வந்து அதைத் தடவிப் பார்க்கலாம். மெகருன்னிசா அப்படித்தான் செய்தார். ஆனால் சான்றுத் தாளில் இரண்டு பெயர்களும் இருந்தாக வேண்டும் அல்லவா? அதனால் முந்தைய நாள் தாளைத்தான் எடுக்க முடிந்தது. கொம்பையாவின் பெயர் மட்டும் இருந்த கடைசி நாள் தாள் மற்றவற்றோடு லாரியில் ஏறிப் போயிற்று. கோப்பைப் பார்க்கப் பேச்சித்தாய் வரும்போதெல்லாம் சுப்புக்குட்டியும் கூட வருகிறார். அந்த ஒரு நாள் காய்ச்சலைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.