தர்மக் கொப்பரை

அயர்லாந்து தேசத்தில் ஒரு வருஷம் உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. அப்போது ஓர் ஊரின் நாற்சந்தியில் பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று வந்து உட்கார்ந்தது. பண்ணைவீட்டுத் துரைசானி கொடுத்த தர்மக் கொப்பரை. அதன் வயிற்றில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்திருந்தார்கள்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே கொப்பரை நிறையக் கஞ்சி இருந்தது, அகப்பையில்தான் வரவில்லை. அந்த வெட்கம் அகப்பையைப் பிடுங்கித் தின்றது.

ஊனா என்பவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இடுப்பில் மகன் காஹல். மூன்று நாள் பட்டினி. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அகப்பை அவசரமாகக் கஞ்சிக்குள் முங்கியது.

"பொறுடா!" என்றது கொப்பரை. "இந்தாம்மா, உன் பழைய செபத்தை விட்டுட்டேன்னு சொல்லு. துரைசானி செபத்தை ஒருதரம் சொல்லு. அப்புறம் கிண்ணத்தை நீட்டு."

"அது எங்கம்மா சாகும்போது சொல்லிக்கொடுத்தது சாமி. எப்படி விடுவேன்?"

"உன் ஆத்துமாவுக்காகத்தானே சொல்றேன்!"

"அண்ணே, பிள்ளை சாகக் கிடக்கிறான்," என்றது அகப்பை. "ஆத்துமா கொஞ்சம் பொறுக்காதா?"

"அகப்பைக்கு எதுக்குடா வேதாந்தம்?"

எதிர்க் குடிசையில் கல்லுடைக்கும் ஓவன் என்பவனின் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. விளிம்பு உடைந்த சட்டி. கதவைத் தட்டப்போகிற யாருக்கோ என்று ஒரு பிடி கூடப் போட்டுச் சமைப்பது அந்த வீட்டு வழக்கம். பஞ்சத்திலும் அதை விடவில்லை. அன்று போடக் கிடைத்தது காஞ்சொறிக் கீரையும் கொஞ்சம் மாவும்தான்.

"ஏ ஊனா, இங்க வா!" என்று கூப்பிட்டது சட்டி. "செபம் கிபமெல்லாம் அப்புறம். முதல்ல பிள்ளை வாயைத் திற."

காஹல் மூன்று வாய் குடித்தான். நாலாவது வாய்க்கு வீறிட்டு அழுதான். அழத் தெம்பு வந்துவிட்டது.

"காஞ்சொறித் தண்ணி!" என்று கொப்பரை சிரித்தது. "பேர் பொறிக்கக்கூட இடமில்லாத சட்டி! அதுக்கு ஒரு தர்மம்!"

பொழுது சாய்வதற்குள் இன்னும் பதினொரு பேர் வந்து வெறுங்கிண்ணத்தோடு திரும்பினார்கள். கஞ்சி புளித்து நுரைத்தது. பண்ணையாட்கள் கொப்பரையைத் தூக்கிப்போய்த் துரைசானி வீட்டுப் பன்றித்தொட்டியில் கவிழ்த்தார்கள். அடியில் ஒட்டியதை அகப்பைதான் சுரண்டிப் போட்டது. பன்றிகள் சளப்சளப்பென்று குடித்தன.

அகப்பை நிமிர்ந்து பார்த்தது.

"ஏன் அண்ணே, இதுங்க எந்தச் செபம் சொல்லிச்சு?"